சீருக்கு ஓர் அனுமதி

சிதம்பரம்
12.11.2009

அன்புத் தம்பி ஞானசேகரனுக்கு அக்கா சௌந்தரம் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். நீயும் ரஞ்சனியும் சௌக்கியமா என்று கேட்பதற்கே கோபமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

இரண்டு வருஷமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன வாரம் லண்டனுக்குப் போன் போட்டேன். ரஞ்சனி எடுத்தாள். "அக்கா, போன்ல ஒண்டும் கதைக்க வேண்டாம்" என்றாள், அழுதாள், வைத்துவிட்டாள். யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கட்டிய நாளிலிருந்து நீ பேசுவதே எனக்குப் பாதிதான் புரியும். இப்போது பேசாமல் இருப்பதும் புரியவில்லை. என்னடா நடக்கிறது அங்கே?

நல்ல சேதி சொல்லத்தான் போன் போட்டேன். சந்திரலேகாவுக்கு இடம் முடிந்துவிட்டது. பையன் பெயர் அறிவுமதி. பண்ருட்டி, முந்திரி வியாபாரக் குடும்பம். கடலூர் சிப்காட்டில் உன் மாமா வேலை பார்க்கிற கம்பெனிக்கு நாலு கம்பெனி தள்ளி இன்ஜினியராக இருக்கிறான். மே 23, ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். மண்டபம் திருவதிகையில். செலவுக்கென்று மாமா எடுத்த பி.எஃப். பணமும் நான் பள்ளிக்கூடத்துச் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததும் என் பாங்க் கணக்கில் இருக்கின்றன. அதனால் அக்கா பணத்துக்கு அடி போடுகிறாள் என்று நினைத்துவிடாதே.

நீ வரவேண்டும், அவ்வளவுதான். அவளுக்கு நீ ஒருத்தன்தான் தாய்மாமன். மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வியே, "பொண்ணுக்குத் தாய்மாமன் என்னா பண்றாரு?" என்பதுதான். லண்டனில் இருக்கிறான் என்று தலையை நிமிர்த்திச் சொன்னேன். மாமா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

பதில் போடு.
சௌந்தரம்


லண்டன்
3.12.2009

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் வணக்கம். சந்திரலேகாவுக்கு என் ஆசீர்வாதம். உடம்புக்கு ஒன்றும் இல்லை, குளிர்தான்.

கல்யாணத்துக்கு என்னால் வர முடியாது. கோபித்துக்கொண்டு கடிதத்தைக் கீழே வைக்காமல் மீதியையும் படி. போன வருஷம் இந்த நாட்டு அரசாங்கம் என் பெயரை ஒரு பட்டியலில் சேர்த்துவிட்டது. தீவிரவாதத்துக்குப் பண உதவி செய்தவர்கள் என்று அவர்கள் சந்தேகப்படுகிறவர்களின் பட்டியல். நான் பொருளாளராக இருந்த நிவாரணச் சங்கத்தின் பணம் இயக்கத்துக்குப் போனது என்கிறார்கள். கைது இல்லை, வழக்கு இல்லை. பாங்க் கணக்கை முடக்கினார்கள், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சங்கத்துக் கணக்கில் ஏதோ குழப்பம். அதை விட்டுவிடு.

சாப்பாட்டுக்கு வாரம் இவ்வளவு என்று அளந்து கொடுக்கிறார்கள். பால் வாங்கினால்கூட ரசீதை ஒட்டி மாதா மாதம் நிதி அமைச்சகத்துக்கு அனுப்பவேண்டும். அனுமதி இல்லாமல் எனக்கு யாராவது பணமோ பொருளோ கொடுத்தால் கொடுத்தவருக்கும் ஜெயில். ஆகவே பாசம் பொங்கி முந்திரி கிந்திரி அனுப்பிவிடாதே. நானும் யாருக்கும் எதுவும் கொடுக்கக்கூடாது. சண்டையே மே மாதத்தோடு முடிந்துவிட்டது. செத்த ஜனத்துக்குக் கணக்கில்லை. என் பால் ரசீதுக்கு மட்டும் கணக்கு இருக்கிறது.

ஆனால் சீர் செய்யாமல் விடமாட்டேன் அக்கா. ஒரு பட்டுப்புடவை, ஒரு மோதிரம். அதற்கு அனுமதி கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். பரிசு என்று எழுதினால் கிடைக்காது, செய்தே தீரவேண்டிய கடமை என்று காட்டினால் யோசிப்பார்கள் என்றார் வக்கீல். சீர் என்றால் என்ன என்று நான்கு பக்கம் இங்கிலீஷில் எழுதினேன். தாய்மாமன் யார் என்று விளக்கவே ஒன்றரைப் பக்கம் ஆயிற்று. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் இதற்குத்தான் உதவியிருக்கிறது.

போன் வேண்டாம். கடிதமே போடு.
உன் தம்பி,
சேகர்


சிதம்பரம்
18.1.2010

அன்புத் தம்பிக்கு. பொங்கல் ஒருவிதமாகக் கழிந்தது. மாமாவுக்குச் சளி, வேறொன்றுமில்லை. ரஞ்சனியை விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதத்தை மாமாவிடம் காட்டவில்லை. லீவு கிடைக்கவில்லையாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டுக்கும் அதே லீவுதான்.

அந்த மனுவைத் திரும்ப வாங்கிக்கொள். புடவையை நானே எடுத்து, உன் பெயர் சொல்லித் தட்டில் வைத்துவிடுகிறேன். எவன் வந்து பில் கேட்கப்போகிறான்? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடியப் போகிறது. சர்க்காரிடம் நாமாகப் போய் நம் வீட்டு விலாசத்தை நீட்டுவானேன்?

பட்டியலில் உன் பெயர் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. பார்த்தாயா, கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
சௌந்தரம்


லண்டன்
8.2.2010

அன்புள்ள அக்காவுக்கு, நலம். மாமாவின் சளி குறைந்ததா? சுக்குக் கஷாயம் கொடு.

மனுவைத் திரும்ப வாங்கும் நிலை தாண்டிவிட்டது. அவர்கள் பதில் கேள்வி போட்டார்கள். இதற்கு முன் உன் அக்காவுக்கு ஏதாவது பணம் அனுப்பினாயா, 2005 மார்ச்சில் ஒரு பெரிய தொகை போயிருக்கிறதே, அது எதற்கு என்று. நான் யோசிக்கவே இல்லை. ஏற்கெனவேதான் நான்கு பக்கம் சீர் புராணம் எழுதியிருக்கிறேனே. அதுவும் சீர்தான், சந்திரலேகாவின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குத் தாய்மாமன் செய்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வக்கீலே பாராட்டினார். பழைய சீர் ஒன்று இருந்தால் புதுச் சீருக்கும் பலமாம்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பார்கள். நான் ஒன்றுதான் சொன்னேன். வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும்?

சேகர்


சிதம்பரம்
11.2.2010

தம்பிக்கு. எல்லோரும் இருக்கிறோம். உன்னிடமிருந்து பதில் வருமுன்பே இதை எழுதுகிறேன்.

நேற்று இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கடலூரிலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர், கூடச் சென்னையிலிருந்து ஒருவர். மப்டியில்தான் வந்தார்கள், ஆனால் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. மரியாதையாகத்தான் பேசினார்கள். 2005-இல் லண்டனிலிருந்து வந்த பணம் எதற்கு என்று கேட்டார்கள். மாடி கட்டத் தம்பி அனுப்பியது என்று சொன்னேன். வாய்க்கு வந்தது அதுதான். "மாடியப் பாக்கலாமா?" என்றார் இன்ஸ்பெக்டர். ஏறிப் பார்த்தார். மாடி இருக்கிறது, அதுவரைக்கும் தப்பித்தேன். சொன்னதை எழுதிக்கொண்டு போனார்கள்.

அங்கே யாராவது கேட்டால் நீயும் மாடி என்றே சொல். மறந்துவிடாதே. மாடி.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாயிற்று. சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

சௌந்தரம்


சிதம்பரம்
4.3.2010

ஞானசேகரனுக்கு.

மஞ்சள் நீராட்டா? அட மடையா, உனக்குப் பொய் சொல்ல வேறு விசேஷமே கிடைக்கவில்லையா?

உன் கடிதம் என் கைக்கு வந்து நாலாம் நாள் அந்த இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். நீ அங்கே எழுதிக் கொடுத்தது இவர் கையில் இருக்கிறது. கூடத்தில் உட்கார்ந்து, கல்யாண வேலையாக எடுத்து வைத்திருந்த ஆல்பத்தைப் புரட்டினார். சந்திரலேகாவின் சடங்குப் போட்டோவில் நீயே தட்டைத் தூக்கிக்கொண்டு பல்லை இளித்து நிற்கிறாய். ஓரத்தில் தேதி அச்சாகியிருக்கிறது, 2001. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏம்மா, உங்க பொண்ணு எத்தினி தடவ வயசுக்கு வந்துது?" என்றார். கூட வந்த கான்ஸ்டபிள் சிரித்துவிட்டான். சந்திரலேகா கதவருகே நின்றிருந்தாள். பூமி பிளந்து என்னை விழுங்கக்கூடாதா என்று இருந்தது.

வெள்ளைக்காரனுக்குத் தெரியாது, சரி. படிக்கப்போகிறவன் நம் ஊர்க்காரன் என்பது உனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? நான் மாடி என்கிறேன், நீ சடங்கு என்கிறாய். "ஆளுக்கொன்னு சொல்றீங்கன்னா உண்மை மூணாவதா எங்கியோ இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நேற்று பாங்கிலிருந்து ஆள் வந்தது. என் கணக்கை முடக்கிவிட்டார்கள். கல்யாணப் பணம் அத்தனையும் உள்ளே. நகைக்கும் மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் கொடுக்கவேண்டியது எல்லாம் அதுதான். பாங்க் மேனேஜர் என்னிடம் படித்த பையன். "டீச்சர், நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று தலை குனிந்து நிற்கிறான்.

முகூர்த்தத்துக்கு எண்பது நாள் இருக்கிறது. என்ன செய்யப்போகிறாய்?

சௌந்தரம்


லண்டன்
29.3.2010

அன்புள்ள அக்காவுக்கு, நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உடனே பதில் போடாததற்கு மன்னிக்கவேண்டும். எதையும் எழுதாதே என்கிறார் வக்கீல். நீ இன்ஸ்பெக்டரிடம், சுனாமியில் படகு இழந்தவர்களுக்கு வந்த பணம், பயத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று சொல்லிப் பார். அது நல்ல காரியம்தானே. கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ள முடியுமா? மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள் என்றுதான் தோன்றுகிறது.

இங்கே நல்ல வெயில்.

சேகர்


சிதம்பரம்
14.4.2010

தம்பி ஞானசேகரனுக்கு. இன்று சித்திரைப் பிறப்பு. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து ஆரோக்கியம்மாள் டீச்சரின் மகன் ராபர்ட் படிக்க லண்டன் வருகிறான், அவன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

உனக்கு அங்கே வெயில் அடிக்கிறதா? சந்தோஷம்.

மாப்பிள்ளையின் அப்பா வந்தார். நல்ல மனுஷர், குரலை உயர்த்தவில்லை. "எங்களுக்குப் பணம் பெருசில்லீங்க. போலீசு வந்து போற வீடுன்னு பண்ருட்டி மார்க்கெட் முழுக்கப் பேசறாங்க. மே பத்துக்குள்ள இத முடிச்சிக்குங்க, இல்லன்னா நாம பேசனத மறந்துடலாம்" என்றார். சந்திரலேகா அழவில்லை. காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "நல்லா இருக்கா மாமா?" என்று அவரைக் கேட்டாள். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

சுனாமி என்று சொல்லச் சொல்கிறாய். நான் ஐந்து வருஷமாகச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அன்றைக்கு நீ போனில், "படகு போனவுங்களுக்குக்கா. ஆண்டின்னு ஒருத்தர் வருவாரு, குடுத்துடு" என்றாய். கடலூர் பஸ் ஸ்டாண்டில் மஞ்சள் பையோடு அந்த ஆளிடம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து, என் தம்பி அனுப்பிய பணத்தில் வந்த படகைப் பார்த்துவிட்டு வரலாமே என்று ஆசைப்பட்டுத் தேவனாம்பட்டினம் போனேன். குப்பம் முழுக்கக் கேட்டேன். தைலம்மாள் என்று ஓர் அம்மாள், அலையில் புருஷனையும் மகனையும் கொடுத்தவள், என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "எந்த லண்டன் சங்கம்மா? இங்க யாருக்கும் ஒரு துடுப்புகூட வரலியே" என்றாள்.

வீட்டுக்கு வந்து படுத்தவள் இரண்டு நாள் எழவில்லை. உன்னைக் கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஒரு வழி சொல்கிறார். பணம் எங்கே போயிற்று, வாங்கிக் கொடுத்தவளுக்கு அது தெரியுமா தெரியாதா என்று அனுப்பியவனே எழுத்தில் கொடுத்தால் கணக்கைத் திறக்கச் சிபாரிசு செய்வாராம். அப்படி எழுதினால் அங்கே உன்னைப் பிடித்து உள்ளே வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாமலில்லை. உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான். எழுது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் என் மகளைப் பார்க்கிறபோது உன் மேல் வருகிற ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

சௌந்தரம்


லண்டன்
2.5.2010

அன்புள்ள அக்கா, ரஞ்சனி நலம். நானும் நலம்.

ராபர்ட் வந்து கொடுத்தான். நீ தேவனாம்பட்டினம் போனாய் என்ற இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் படித்தேன்.

பணம் படகு எஞ்சினுக்குத்தான் போயிற்று. மீன் பிடிக்கிற படகு இல்லை. இங்கே கோயில் வாசலில் நின்று, சுனாமிக்கென்று உண்டியல் குலுக்கி வாங்கிய பணம் அது. நம் ஊர் ஜனத்தின் பேரைச் சொல்லித்தான் கேட்டேன். ரஞ்சனியின் அண்ணன்கள் இருவர் இயக்கத்தில் இருந்தார்கள். எனக்கு அப்போது அது சரியாகப்பட்டது. அந்த எஞ்சின்கள் யாரை ஏற்றிக்கொண்டு எங்கே போயின, எத்தனை பேர் செத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை.

வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். வக்கீல் என்னோடு பேச மாட்டேன் என்கிறார். அதில் உன்னைப் பற்றி ஒரே ஒரு வரி இருக்கிறது: என் அக்காவுக்கு அன்றும் ஒன்றும் தெரியாது, இன்றும் ஒன்றும் தெரியாது. நீ அதற்கு மாறாக எதுவும் பேசிவிடாதே. அடுத்த வாரம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வரமாட்டேன் என்றுதான் ரஞ்சனி துணி மடித்து வைக்கிறாள்.

ஒரு வேடிக்கை. சீருக்கு அனுமதி போன மாதம் வந்துவிட்டது. புடவைக்கு உண்டாம், மோதிரத்துக்கு இல்லையாம். வேண்டாமென்று எழுதிவிட்டேன். என் கைக்காசில் ஒரு நூல்கூட உன் வீட்டுக்குள் வரக்கூடாது.

பத்திரிகையில் என் பெயரைப் போடாதே. மாமாவின் காலைத் தொட்டதாகச் சொல்.

சேகர்


சிதம்பரம்
6.6.2010

அன்புத் தம்பி ஞானசேகரனுக்கு அக்கா எழுதுவது. நாங்கள் சௌக்கியம். நீ இருக்கிற இடத்தில் வேளாவேளைக்குச் சோறு போடுகிறார்களா? ரஞ்சனிதான் ஜெயில் விலாசம் எழுதினாள்.

கணக்கு மே எட்டாம் தேதி திறந்தது. அதற்கு முதல் நாள் கடலூரில் இன்ஸ்பெக்டர் உன் வாக்குமூலத்தைத் தமிழில் படித்துக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியாது என்ற வரி வந்ததும் நிறுத்தி, "இது உண்மைதானம்மா?" என்றார். ஆமாம் என்று கையெழுத்துப் போட்டேன். எனக்கும் உனக்கும் இனி எந்தத் தொடர்பும் இல்லை என்று இன்னொரு காகிதத்திலும் போட்டேன். சந்திரலேகா முகம் ஒன்றுதான் அப்போது என் கண்ணில் நின்றது.

கல்யாணம் நடந்தது. திருவதிகை மண்டபம் நிறைந்துவிட்டது. இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார், மூன்றாவது வரிசையில். யார் யார் வருகிறார்கள் என்று பார்க்க வந்தாரோ, சாப்பிட வந்தாரோ, எனக்குத் தெரியாது. தாலிக்கு முன்னால் நெற்றியில் பட்டம் கட்டுகிற நேரம் வந்தது. "தாய்மாமன் வாங்கோ" என்று ஐயர் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. "பொண்ணுக்குத் தாய்மாமன் இல்லியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நானூறு பேர் முன்னால், "இல்லீங்க" என்றேன்.

நம் பெரியம்மா மகன் தட்டிலிருந்து பட்டத்தை எடுத்துக்கொண்டு போனான். சந்திரலேகா அவன் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். "வேணாம் மாமா. கட்டறவுரு வர்றப்ப கட்டிக்கறன்" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் முன் வரிசை முழுக்கக் கேட்டது. எனக்கும் கேட்டது. அறிவுமதி அவளைத் திரும்பிப் பார்த்தான், அப்புறம் ஐயரிடம், "ஆகட்டுங்க, மேல நடத்துங்க" என்றான். வெறும் நெற்றியோடுதான் அவளுக்குத் தாலி ஏறியது.

அவளுக்கு நீ செய்தது தெரியும். தேவனாம்பட்டினம் வரை எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். தெரிந்தும் அவள் இல்லை என்று சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. தைலம்மாள் கொடுத்த தண்ணீர் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது. ஆனால் எல்லாம் தெரிந்தே செய்தேன் என்று நீ எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே இருக்கிறாய். எனக்கும் ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. நான் தெரியாதவள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே இருக்கிறேன்.

மறுவீடு முடிந்து அவளைப் பண்ருட்டிக்கு அனுப்பியாயிற்று. நேற்று இதை மாமாவிடம் சொன்னேன். "மச்சான் பண்ணதுக்கு அவன் அனுபவிக்கிறான். உன்னுத நீதான சொல்லணும்" என்றார். பிறகு, கூட வருகிறேன் என்றார்.

நாளைக் காலை கடலூருக்குப் போகிறோம். இன்ஸ்பெக்டரைப் பார்த்து, அந்த ஒரு வரி மட்டும் பொய் என்று சொல்லப்போகிறேன். என்ன செய்வார்களோ தெரியாது. வேலை போகலாம், ரிட்டயராக இரண்டு வருஷம்தான் இருக்கிறது, போனால் போகிறது. போகிற வழியில் தபாலாபீசில் இந்தக் கடிதத்தை என் பெயர், என் விலாசம் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புவேன். தொடர்பு இல்லை என்ற காகிதத்தையும் கேன்சல் பண்ணிக்கொள்ளச் சொல்லவேண்டும்.

குளிரில் காதைக் கட்டிக்கொள். பதில் போடு.

உன் அக்கா,
சௌந்தரம்